மறைந்த பையனின் பேனரை அகற்றச் சொல்வது தவறா?

வாசகி ஒருவர் நான்கு பக்கம் கையால் எழுதி அனுப்பிய கடிதம் இது. ஊர், தெரு, பெயர் எல்லாவற்றையும் நீக்கிவிட்டு விஷயத்தை மட்டும் சுருக்கித் தருகிறேன்.

அவருக்கு வயது 46. தமிழ்நாட்டின் ஒரு மாநகராட்சியில், பின்னால் சேர்க்கப்பட்ட பகுதி ஒன்றில், வாடகைக் கடை எடுத்து பிளவுஸ், சுடிதார் தைத்துக் கொடுக்கிறார். கடைக்கு எதிரே தெருமுனை. அங்கிருந்து கூப்பிடு தூரத்தில் அரசு நடுநிலைப் பள்ளி. அந்த முனையில் இரண்டு விளம்பரங்கள் நிற்கின்றன. ஒன்று ‘கண்ணீர் அஞ்சலி’ ஃபிளக்ஸ். பைக் விபத்தில் இறந்துபோன 19 வயதுப் பையனுக்கு அவனுடைய நண்பர்கள் வைத்தது. சவுக்குக் கட்டைகளை நட்டு, நைலான் கயிற்றால் தெருவிளக்குக் கம்பத்தோடு இழுத்துக் கட்டியிருக்கிறார்கள். பதினாறாம் நாள் காரியம் முடிந்து மூன்று மாதம் ஆகியும் அது அங்கேயே இருக்கிறது. இன்னொன்று ஒரு டியூஷன் சென்டரின் இரும்புப் பலகை. நடைபாதையில் துளை போட்டு போல்ட் முறுக்கி நிறுத்தியது. இரண்டும் சேர்ந்து திருப்பத்தை மறைத்துவிடுகின்றன.

போன மாதம் பள்ளி விட்ட நேரத்தில் ஆறாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தி பேனருக்குப் பின்னாலிருந்து சாலையில் இறங்க, திரும்பிய ஆட்டோ அவள் புத்தகப் பையை உரசிக்கொண்டு நின்றது. முழங்கையில் சிராய்ப்பு. அன்று மாலையே வாசகி மாநகராட்சியின் உதவி எண்ணுக்குப் போன் செய்து புகார் கொடுத்தார். இரண்டு நாளில் ‘தங்கள் புகார் தீர்க்கப்பட்டது’ என்று எஸ்.எம்.எஸ். வந்தது. பேனர் அசையவில்லை. மறுநாள் மூன்று பையன்கள் கடைக்கு வந்தார்கள். “அக்கா, நீங்கதான் கம்ப்ளைண்ட் குடுத்தீங்களாமே. செத்தவன் படத்தக்கூட விட மாட்டீங்களா?” என்று ஒருவன் கேட்டிருக்கிறான். சத்தம் போடவில்லை. கேட்கும்போதே அவன் கண் கலங்கிவிட்டதாம்.

அப்புறம் வார்டு கவுன்சிலரின் ஆள் ஒருவர் வந்து, “உயிரோட இருக்கறவங்க படத்ததான் கோர்ட்டு வைக்கக் கூடாதுன்னு சொல்லியிருக்கு. உங்க கடை போர்டும் ரோட்டுலதானே நிக்குது?” என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். கடைக்கு இடம் கொடுத்த கட்டட உரிமையாளர் இறந்த பையனுக்குத் தூரத்து உறவு. கணவர், விட்டுவிடு என்கிறார். அரசுத் தேர்வுகளுக்குப் படித்துக்கொண்டிருக்கும் 22 வயது மகன், ராத்திரியோடு ராத்திரியாகக் கிழித்துவிட்டு வீடியோ போடுகிறேன் என்கிறான். கடிதத்தின் கடைசி வரி இது: “நான் செய்தது பாவமா, இல்லை பாதியில் விட்டதுதான் பாவமா?”

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடைசிக் கேள்விக்குச் சட்டப் புத்தகத்தில் பதில் இல்லை. ஆனாலும் அதற்குத்தான் முதலில் பதில் சொல்ல வேண்டும் என்று நினைக்கிறேன். நீங்கள் ஒரு பையனின் படத்தை எதிர்த்துப் புகார் கொடுக்கவில்லை. பள்ளிப் பிள்ளைகள் கடக்கும் திருப்பத்தில் கண்ணை மறைக்கும் ஒரு துணியைப் பற்றிப் புகார் கொடுத்தீர்கள். இந்த இரண்டும் வேறு வேறு என்பது உங்களுக்குத் தெரியும். அந்த நண்பர்களுக்கு இன்னும் தெரியவில்லை. துக்கத்தில் இருப்பவர்களுக்கு அது உடனே தெரியாது. நீங்கள் செய்தது சரி. ஆனால் செய்த விதத்தில் ஒரு படியை விட்டுவிட்டீர்கள். கீழே அதற்கு வருகிறேன்.

இந்த விஷயத்தை நான் எடுத்த எடுப்பிலேயே தீவிரமாகப் பார்ப்பதற்குக் காரணம் உண்டு. 2017 நவம்பரில் கோவை அவினாசி சாலையில், விழா ஒன்றுக்காகப் போடப்பட்ட அலங்கார வளைவின் கம்பம் சாலைக்குள் நீட்டிக்கொண்டிருந்த இடத்தில் ஓர் இளம் பொறியாளர் பைக்கோடு விழுந்து இறந்தார். வெளிநாட்டு வேலையிலிருந்து விடுமுறைக்கு வந்தவர். இரண்டு வருடம் கழித்து, 2019 செப்டம்பர் 12 அன்று, சென்னை பள்ளிக்கரணையில் வேலை முடிந்து ஸ்கூட்டரில் வீடு திரும்பிக்கொண்டிருந்த 23 வயதுப் பெண்ணின் மேல் ஒரு கல்யாண பேனர் விழுந்தது. நிலைகுலைந்து விழுந்தவர் மேல் பின்னால் வந்த தண்ணீர் லாரி ஏறியது. அந்த பேனரை வைத்தவர்கள் யாரையும் கொல்ல நினைத்தவர்கள் இல்லை. தங்கள் வீட்டு விசேஷத்தை ஊருக்குக் காட்ட நினைத்தவர்கள். உங்கள் தெருமுனையில் ஒரு பிள்ளையின் முழங்கை சிராய்ப்போடு போனதை ‘அவ்வளவுதான்’ என்று கடிதத்தில் எழுதியிருக்கிறீர்கள். அந்த வார்த்தையை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

அனுமதி என்பது யாருடைய படம் என்பதைப் பொறுத்ததல்ல

கவுன்சிலரின் ஆள் சொன்னது பாதி காதில் விழுந்த செய்தி. 2017 அக்டோபரில் சென்னை உயர் நீதிமன்றத்தில் ஒரு தனி நீதிபதி, உயிரோடு இருப்பவர்களின் படங்களை பேனர், கட்அவுட்களில் போடக் கூடாது என்று உத்தரவிட்டார். பத்திரிகைகளில் பெரிதாக வந்தது. அதைக் கேட்டுவிட்டு, அப்படியென்றால் மறைந்தவர் படம் போடலாம் போலிருக்கிறது என்று நிறையப் பேர் எடுத்துக்கொண்டார்கள். அந்த உத்தரவில் பேச்சு எதைப் பற்றி இருந்தாலும், பொது இடத்தில் பேனர் வைக்க முன் அனுமதி வேண்டும் என்ற விதி தனியானது. படத்தில் இருப்பவர் தலைவரா, மாப்பிள்ளையா, மறைந்த பிள்ளையா என்று அந்த விதி பார்ப்பதில்லை. வீட்டு விசேஷத்துக்கு அனுமதி தேவையில்லை என்று நீங்கள் நினைத்திருந்ததும் இதே போன்ற தவறான எண்ணம்தான். கவுன்சிலர் வாயால் சொல்வது அனுமதி ஆகாது. அனுமதி என்றால் எண்ணும் தேதியும் உள்ள காகிதம். அந்த அனுமதி எண்ணும், எத்தனை நாளுக்கு என்பதும் பேனரின் அடியிலேயே அச்சாகியிருக்க வேண்டும். நாளைக்குக் கடை திறக்கும்போது போய் பேனரின் கீழ் ஓரத்தைப் பாருங்கள். அச்சகத்தின் பெயரும் போன் நம்பரும் மட்டும் இருந்தால் உங்களுக்கு விடை கிடைத்துவிட்டது.

இதற்கு மேல், 2018 டிசம்பரில் உயர் நீதிமன்றம் மாநிலம் முழுக்க பேனர் வைக்க இடைக்காலத் தடை விதித்தது. பள்ளிக்கரணை மரணம் நடந்தது அந்தத் தடைக்குப் பிறகுதான். அந்தப் பெண் இறந்தது தடை இல்லாததால் அல்ல. அந்த முனையில் யாரும் அதை அமல்படுத்தாததால் இறந்தார். ஆகவே ‘கோர்ட்டே சொல்லிவிட்டது, தானாக எடுத்துவிடுவார்கள்’ என்று காத்திருப்பதில் பயனில்லை. ஒவ்வொரு முனைக்கும் ஒரு புகார் போக வேண்டியிருக்கிறது.

இரும்புப் பலகை வேறு ரகம். அது வியாபாரம், அதோடு நிரந்தரமாக நிற்பது. தமிழ்நாடு நகர்ப்புற உள்ளாட்சி அமைப்புகள் சட்டம், 1998, அதன் விதிகளோடு 2023 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது. அதன்படி இத்தகைய விளம்பரப் பலகைக்கு ஆணையரின் உரிமம் வேண்டும். உரிமம் இல்லாமல் வைத்தால் மூன்று ஆண்டு வரை சிறை, அல்லது 25,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும் என்று அரசு 2023 ஜூனில் அறிவித்தது. நிறுவனம் மட்டுமல்ல, இடம் கொடுத்தவரும் பொறுப்பாளி. அந்த அறிவிப்பு வந்ததற்குச் சில நாள் முன்புதான் கோவை கருமத்தம்பட்டியில் ராட்சத விளம்பரப் பலகையின் சாரம் சரிந்து மூன்று தொழிலாளர்கள் இறந்திருந்தார்கள். மறு வருடம், 2024 மே 13 அன்று, மும்பை காட்கோபரில் காற்று மழையில் ஒரு விளம்பரப் பலகை பெட்ரோல் பங்க் மேல் விழுந்து 17 பேர் போனார்கள். உங்கள் டியூஷன் சென்டர் பலகை அத்தனை பெரிதில்லை, உண்மைதான். ஆனால் நடைபாதையைத் துளைத்து நாலு போல்ட்டில் நிற்கும் இரும்பு, ஒரு பிள்ளையின் தலை உயரத்தில் முனையை நீட்டிக்கொண்டிருக்கிறது என்று நீங்களே படம் வரைந்து அனுப்பியிருக்கிறீர்கள்.

உங்கள் புகாரில் இந்த இரண்டையும் ஒன்றாகச் சேர்த்ததுதான் முதல் சிக்கல் என்று நினைக்கிறேன். போனில் ‘பேனரும் போர்டும்’ என்று சொல்லியிருக்கிறீர்கள். இனிமேல் இரண்டுக்கும் தனித்தனி மனு, தனித்தனி எண். டியூஷன் சென்டர் பலகைக்கு இன்றே மனு போகலாம். அதில் யாருடைய துக்கமும் இல்லை.

அந்த வீட்டுக்கு முதலில் போங்கள்

நான் சொன்ன விடுபட்ட படி இதுதான். அஞ்சலி பேனருக்கு மனு எழுதும் முன் அந்தப் பையனின் வீட்டுக்குப் போய் வாருங்கள். நண்பர்களிடம் அல்ல, வீட்டுக்கு. துக்கத்துக்குப் போகவில்லை என்றால் இப்போது போகலாம், யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள். உங்கள் கணவரையும், முடிந்தால் கட்டட உரிமையாளர் வீட்டுப் பெரியவர் ஒருவரையும் கூட்டிக்கொண்டு போங்கள். அந்த உறவு உங்களுக்கு இடைஞ்சல் என்று எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அது உதவி என்று படுகிறது.

போய் ‘சட்டவிரோதம்’ என்ற வார்த்தையை எடுக்காதீர்கள். நடந்ததைச் சொல்லுங்கள்: அன்றைக்கு அந்தப் பிள்ளை எந்த இடத்தில் இறங்கினாள், ஆட்டோ எங்கே நின்றது. பேனர் வைத்தது நண்பர்கள்தான். வெயிலிலும் மழையிலும் நிறம் வெளுத்து, ஓரம் கிழிந்து தொங்கும் மகன் முகத்தைத் தாய் தினமும் பார்த்துக்கொண்டு கடைக்குப் போகிறாள். அதை எடுக்கச் சொல்லும் தைரியம் அவளுக்கு இருக்காது, மகனுக்காகப் பையன்கள் செய்தது என்று. வேறொருவர் வந்து கேட்டால் சரி என்பாள். எல்லா வீட்டிலும் இப்படித்தான் ஆகும் என்று நான் உறுதி கொடுக்க முடியாது. ஆனால் இருபத்தைந்து வருடத் தொழிலில் தெருத் தகராறுகளை நிறையப் பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன், இப்படிக் கேட்டுப் பார்க்காமல் மனு போட்டவர்கள் பின்னால் அதையே நினைத்து வருந்தியிருக்கிறார்கள்.

அவர்கள் சம்மதித்தால், நண்பர்களே வந்து பிரித்து எடுத்துச் செல்லட்டும். நாள் குறித்துக்கொள்ளுங்கள். ஒரு வாரம், பத்து நாள் போதும். மறுத்தால், அல்லது நாள் தள்ளிக்கொண்டே போனால், நீங்கள் மனு எழுதலாம். அப்போது உங்கள் மனதில் இந்த உறுத்தல் இருக்காது. ஒன்று மட்டும்: பேனர் சாய்ந்திருந்தாலோ, கயிறு அறுந்திருந்தாலோ, மழைக்காற்று எச்சரிக்கை இருந்தாலோ வீட்டுக்குப் போவது, நாள் குறிப்பது எதுவும் வேண்டாம். உடனே 112-க்கும் மாநகராட்சிக்கும் போன் செய்யுங்கள். மின்கம்பத்திலோ மின்பெட்டியிலோ கட்டியிருந்தால் மின்வாரியத்தின் மின்னகம் எண் 94987 94987. 2021 ஆகஸ்டில் விழுப்புரத்தில் ஒரு கல்யாணத்துக்காகக் கொடிக்கம்பம் நட்ட 13 வயதுச் சிறுவன் மின்கம்பி உரசி இறந்தான். அந்தப் பக்கம் இருக்கும் இரும்பு எதையும் நீங்கள் தொடவே கூடாது.

மகனிடம் சொல்ல வேண்டியது

ராத்திரியில் கிழிப்பது வேண்டவே வேண்டாம். பேனர் அனுமதி இல்லாமல் நிற்கிறது என்பதால் அதை யார் வேண்டுமானாலும் கிழிக்கலாம் என்று ஆகாது. துணியும் கட்டையும் இன்னொருவர் பொருள். பழைய இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 324-ஆம் பிரிவில் சொத்துக்குச் சேதம் விளைவித்ததாக உங்கள் மகன் மேல் புகார் வரும். அரசு வேலைக்குத் தேர்வாகும்போது காவல்துறை சரிபார்ப்பில் ஒரு எஃப்.ஐ.ஆர். எத்தனை வருடம் இழுக்கும் என்று அவரே விசாரித்துப் பார்க்கட்டும். இறந்தவர் படத்தைக் கிழித்தவன் என்ற பேச்சு அதைவிட மோசம். அந்தப் பேச்சுக்கு வழக்குத் தள்ளுபடி கிடையாது.

வீடியோ விஷயத்திலும் கவனம். மாநகராட்சிக்கோ காவல் நிலையத்துக்கோ நல்லெண்ணத்தில் கொடுக்கும் புகாரை வைத்து அவதூறு வழக்குப் போட்டுவிடுவார்கள் என்று பயப்படுகிறீர்கள். அந்தப் பயம் தேவையில்லை. அதிகாரம் உள்ளவரிடம் நல்லெண்ணத்தோடு கொடுக்கும் புகாருக்கு அவதூறுச் சட்டத்திலேயே விலக்கு இருக்கிறது. ஆனால் அந்த விலக்கு வாட்ஸ்அப் குரூப்புக்கு இல்லை. ‘காசு வாங்கிக்கொண்டு விட்டுவிட்டார்கள்’ என்று ஒரு வரி சேர்த்துப் போட்டுவிட்டால் நிரூபிக்க வேண்டியவர் நீங்கள் ஆகிவிடுவீர்கள். மகனின் கைபேசியை வேறு வேலைக்குப் பயன்படுத்தலாம். எப்படி என்று கீழே சொல்கிறேன்.

‘தீர்க்கப்பட்டது’ என்று வந்த பிறகு

பெரும்பாலான புகார்கள் செத்துப்போகும் இடம் இதுதான். எஸ்.எம்.எஸ். வந்ததும் மனம் சோர்ந்து விட்டுவிடுகிறோம். அந்த எஸ்.எம்.எஸ்.ஸை அழிக்காதீர்கள். ‘தீர்க்கப்பட்டது’ என்று அரசுப் பதிவு ஒன்று தேதியோடு சொல்கிறது, அதே தேதிக்குப் பிறகு எடுத்த படம் ஒன்று இல்லை என்கிறது. உங்கள் கையில் உள்ள சிறந்த ஆதாரம் அந்த முரண்பாடுதான்.

மகனை மூன்று படங்கள் எடுக்கச் சொல்லுங்கள், கைபேசியில் இடம் பதிவாகும் வசதியைப் போட்டுவிட்டு. முதல் படம் சாலையின் எதிர்ப்புறத்திலிருந்து, பள்ளி மதிலும் பேனரும் ஒரே படத்தில் தெரியும்படி. இரண்டாவது, ஆட்டோ ஓட்டுநர் உட்கார்ந்திருக்கும் உயரத்திலிருந்து திருப்பம் எப்படித் தெரிகிறது, அல்லது தெரியவில்லை என்று. மூன்றாவது, பேனர் கட்டியிருக்கும் தெருவிளக்குக் கம்பத்தில் பெயின்ட்டில் எழுதியிருக்கும் எண். இந்த மூன்றாவதை யாரும் எடுப்பதில்லை. ‘பள்ளி அருகில்’ என்று எழுதினால் பள்ளியின் வேறு பக்கம் போய் ‘அப்படி எதுவும் இல்லை’ என்று எழுதிவிட முடியும். கம்ப எண் இருந்தால் முடியாது. படங்களில் பிள்ளைகளின் முகம் வராமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

சென்னையாக இருந்தால் 1913-இல் மறுபடி பதிவு செய்யலாம். மற்ற மாநகராட்சிகளுக்குத் தனித்தனி எண்கள் உண்டு. முதல்வரின் முகவரித் துறையின் 1100 எல்லா ஊருக்கும் பொது. ஆனால் போன் புகாரோடு நிற்காமல் காகிதத்தில் ஒரு மனு கொடுங்கள். மண்டல உதவி ஆணையர் பெயருக்கு எழுதி, வார்டு உதவிப் பொறியாளருக்கும் காவல் ஆய்வாளருக்கும் நகல் போடுங்கள். நேரில் கொடுத்து உங்கள் பிரதியில் சீல் வாங்குங்கள், இல்லையென்றால் ஸ்பீடு போஸ்ட்டில் அனுப்பி ரசீதை மனுவோடு பின் செய்து வையுங்கள். அந்தச் சாலை நெடுஞ்சாலைத் துறையுடையதாக இருந்தால் கோட்டப் பொறியாளருக்கும் ஒரு நகல் போக வேண்டும். ‘எங்கள் ரோடு இல்லை’ என்ற பதிலுக்கு இடம் கொடுக்கக் கூடாது. மனுவின் நடுப்பகுதி இவ்வளவு போதும்:

“மேற்படி முனையில், கம்ப எண் —-இல் கட்டப்பட்டுள்ள பேனரும் அதன் கட்டைகளும் பள்ளி மாணவர்கள் கடக்கும் திருப்பத்தை மறைக்கின்றன. —- தேதியில் பள்ளி விடும் நேரத்தில் ஒரு மாணவி ஆட்டோவில் அடிபடும் நிலை ஏற்பட்டது. இது குறித்த என் புகார் எண் —-, —- தேதியில் தீர்க்கப்பட்டதாகச் செய்தி வந்தது. —- தேதியில் எடுத்த படங்கள் இணைப்பு. நேரில் பார்வையிட்டு அகற்றித் தர வேண்டுகிறேன்.”

யார் வைத்தது, எந்தக் கட்சி, எந்தக் குடும்பம் என்று ஒரு சொல்லும் வேண்டாம். இடத்தைப் பற்றி மட்டும் எழுதுங்கள். ‘அந்தப் பையன்கள் மேல் கேஸ் விழுந்துவிடுமோ’ என்று உங்களுக்கு ஒரு கவலை இருக்கிறது. பொது வழியில் இடையூறு செய்ததற்காக நியாய சன்ஹிதா 285-ஆம் பிரிவில் 5,000 ரூபாய் வரை அபராதம் போட சட்டத்தில் இடம் உண்டு. வழக்குப் போடுவதும் விடுவதும் அதிகாரிகள் கையில் இருக்கிறது, நீங்கள் தடுக்க முடியாது. ஆனால் நீங்கள் கேட்பது அகற்றுவது மட்டும் என்று மனுவிலேயே தெளிவாக இருந்தால் நாளைக்கு யார் கேட்டாலும் எடுத்துக் காட்டலாம்.

மூன்று வாரம் கழித்தும் அசைவில்லை என்றால் தகவல் உரிமைச் சட்டம். பத்து ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி மாநகராட்சியின் பொதுத் தகவல் அலுவலருக்கு அனுப்பலாம். 30 நாளில் பதில் தர வேண்டும். இதில் நிறையப் பேர் ‘ஏன் எடுக்கவில்லை?’ என்று கேட்டுவிட்டு, ‘இது தகவல் அல்ல’ என்ற ஒரு வரிப் பதிலோடு ஏமாறுகிறார்கள். கோப்பில் இருப்பதைக் கேட்டால்தான் தகவல். அந்த முனையில் விளம்பரம் வைக்கக் கொடுத்த அனுமதியின் நகல் கொடுங்கள். என் புகார் எண்ணுக்காகக் களத்தில் பார்வையிட்ட அறிக்கையின் நகல் கொடுங்கள். அந்தப் புகாரை முடித்துவைத்த அலுவலரின் பதவி என்ன? இந்த மூன்றே போதும். எனக்குத் தெரிந்து பல இடங்களில் பதில் வரும் முன்பே பலகை போய்விடும். பார்வையிட்ட அறிக்கை என்று ஒன்று இல்லாதபோது அதன் நகலை யாரும் கொடுக்க முடியாது, பாருங்கள். பதில் வராவிட்டால் 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு, அதற்குப் பிறகு மாநிலத் தகவல் ஆணையம்.

இதையும் தாண்டினால் இரண்டு வழிகள் உண்டு. கோட்டாட்சியரிடம், பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 152-ஆம் பிரிவில் பொது இடையூறை அகற்ற மனுக் கொடுக்கலாம். உயர் நீதிமன்றத்தில் ரிட் மனுப் போடலாம். பொதுநல வழக்குகளுக்குப் பேர்போன டிராஃபிக் ராமசாமி அந்தக் கடைசி வழியில்தான் ஒரு ஆயுள் முழுக்க நடந்தார். ஒரு தெருமுனைக்காக நீங்கள் அவ்வளவு தூரம் போக வேண்டியிருக்காது என்று நம்புகிறேன். போக வேண்டி வந்தால், பணம் இல்லை என்று நிற்காதீர்கள். சட்டப்பணிகள் ஆணையச் சட்டம் 1987-இன் 12-ஆம் பிரிவுப்படி வருமானம் எவ்வளவாக இருந்தாலும் பெண்களுக்கு இலவச வழக்கறிஞர் உதவி உண்டு. 15100 என்ற எண்ணில் கேட்கலாம்.

பெயர் தெரிந்துவிட்டதே என்ற பயம்

புகார் கொடுப்பவர் பெயரை வெளியே சொல்ல மாட்டார்கள் என்று நம்பியதாக எழுதியிருக்கிறீர்கள். போன் எண்ணோடு பதிவான புகார் வார்டு அலுவலகம் வரை எத்தனையோ கை மாறுகிறது. பெயர் தெரியக்கூடும் என்று வைத்துக்கொண்டே இறங்குவதுதான் நல்லது. கணவரின் பயத்தை நான் கோழைத்தனம் என்று சொல்ல மாட்டேன். கடை வாடகை, தினமும் முகம் பார்க்க வேண்டிய சனம், இதெல்லாம் உண்மையான கணக்கு. அந்தக் கணக்கை அவரோடு உட்கார்ந்து போட்டுப் பாருங்கள்.

நீங்கள் தனியாகக் கையெழுத்துப் போடாமல் இருக்க ஒரு நல்ல வழி உங்கள் எதிரிலேயே இருக்கிறது. அது அரசுப் பள்ளி. கல்வி உரிமைச் சட்டப்படி அங்கே பள்ளி மேலாண்மைக் குழு இருக்க வேண்டும், அதில் பெரும்பான்மை பெற்றோர்கள்தான். மாணவி ஒருத்தி அடிபட இருந்தாள் என்பது அந்தக் குழுவின் கூட்டத்தில் பேச வேண்டிய விஷயம். தலைமை ஆசிரியரைப் பாருங்கள். குழு தீர்மானம் போட்டு மனு அனுப்பினால் அது ‘தையல்காரம்மா கொடுத்த கம்ப்ளைண்ட்’ ஆக இருக்காது. உங்கள் வார்டில் பகுதி மக்கள் கூடிக் குறைகளைப் பேசும் பகுதி சபைக் கூட்டம் நடந்தால் அங்கேயும் பெற்றோர்கள் எழுந்து கேட்கலாம். கவுன்சிலர் எதிரில் இருப்பார், பதில் சொல்லித்தான் ஆக வேண்டும்.

அந்த மூன்று பையன்கள் வந்ததை மிரட்டல் என்று நான் எழுத மாட்டேன். நீங்களும் அப்படி எழுதவில்லை. தேதி, நேரம், சொன்ன வார்த்தை மூன்றையும் ஒரு நோட்டில் குறித்து வையுங்கள், அவ்வளவு போதும். மறுபடி வேறு யாராவது வந்து ‘கடை நடத்த முடியாது’ என்கிற பாணியில் பேசினால் கதை வேறு. அன்றைக்கே காவல் நிலையத்தில் மனுக் கொடுத்து மனு ரசீது, அதாவது சி.எஸ்.ஆர்., வாங்கிவிடுங்கள். நியாய சன்ஹிதா 351-ஆம் பிரிவு மிரட்டலுக்கானது. ரசீது கையில் இருந்தால் பெரும்பாலும் அதோடு அடங்கும்.

உங்கள் கடை போர்டு

கவுன்சிலரின் ஆள் சொன்னதில் ஒன்று மட்டும் சரி. கடிதத்தோடு வைத்த படத்தில் உங்கள் கடையின் இரண்டு கால் போர்டு, ‘இங்கு சுடிதார் ஒரே நாளில் தைத்துத் தரப்படும்’ என்ற அந்த மஞ்சள் பலகை, நடைபாதையின் பாதியை எடுத்துக்கொண்டு நிற்கிறது. எல்லாக் கடைக்காரர்களும் வைக்கிறார்கள் என்பது பதிலாகாது. அதே நடைபாதையில்தான் அந்தப் பிள்ளை நடக்கிறாள். நடைபாதையில் இடம் இல்லாததால்தான் பேனருக்குப் பின்னால் போய்ச் சாலையில் இறங்கினாளோ என்றுகூட எனக்குத் தோன்றியது. மனு எழுதுவதற்கு முன்னால் அதை உள்ளே எடுத்து, படிக்கு உட்பட்ட சுவரில் மாட்டிவிடுங்கள். ஷட்டருக்கு மேலே இருக்கும் பெயர்ப் பலகை உங்கள் கட்டட எல்லைக்குள்தான் இருக்கிறது, அதில் பிரச்சினை தெரியவில்லை. அதிலும் தமிழ் எழுத்துதான் முதலில், பெரிதாக இருக்க வேண்டும் என்பது கடைகளுக்கான விதி. உங்கள் பலகையில் ஆங்கிலம்தான் மேலே நிற்கிறது. பெயின்டர் வரும்போது மாற்றிக்கொள்ளுங்கள்.

ஆக, இந்த வாரம் உங்கள் போர்டு உள்ளே வரட்டும், டியூஷன் சென்டர் பலகைக்கு மனு போகட்டும். ஞாயிற்றுக்கிழமை அந்த வீட்டுக்குப் போய் வாருங்கள். இரண்டு மனுவிலும் கடைசி வரியாக ஒன்றைச் சேர்க்க மறக்காதீர்கள்: அகற்றிய பிறகு கட்டை நட்ட குழிகளையும் போல்ட் அடித்த துளைகளையும் சிமென்ட் போட்டு மூடித் தர வேண்டும் என்று. துணியை உருவிக்கொண்டு போய்விடுவார்கள். அரை அடிக் குழி அங்கேயே கிடக்கும். பள்ளி விட்டதும் ஓடி வரும் கால்கள் முதலில் போய் விழுவது அதில்தான்.